ஆளுக்கொரு பொட்டலம்

வாழ்நாளில் நான் ஒரே ஒரு ரகசியத்தைத்தான் காப்பாற்றினேன். அதைக் காற்றில் விட்டிருந்தால் அண்ணன் இன்றைக்கு எனக்கு எதிரே உட்கார்ந்து, "வாயை மூடுடா, வெளிச்சம் போகுது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

எங்கள் தெரு கல் வியாபாரத் தெரு. பச்சை, நீலம், கெம்பு என்று நகைக்குப் போகிற கற்கள். அந்தத் தெருவில் யாருக்கும் அப்பன் வைத்த பெயர் நிலைத்ததில்லை. அண்ணனுக்குக் ‘கதவு’ என்று பெயர். அவர் முகத்தைப் பார்த்து உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருத்தனும் சொன்னதில்லை. எனக்கு ‘ஜன்னல்’. காரணம் இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். "கதவும் ஜன்னலும் ஒரே வீட்ல பொறந்திருக்கு, காத்தோட்டத்துக்குக் குறைவில்ல" என்று தெருவே சிரிக்கும். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் நானே பேசித் தொலைத்ததால் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன், அண்ணி, நான், மூன்று பேர்தான் வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. "ஏன் இல்ல? நாப்பத்தாறு வயசுல ஒண்ணு இருக்கே, இன்னும் வாய் ஓயல" என்பார் அண்ணி.

கடை மாடியில். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே வெள்ளைத் துணி விரித்த மேசை, இடுக்கி, உருப்பெருக்கிக் கண்ணாடி, கண்ணாடிக் கூண்டுக்குள் சின்னத் தராசு. வடக்கு வெளிச்சம் பொய் சொல்லாது. நேர் வெயிலில் உடைந்த பாட்டில்கூடக் கெம்பு மாதிரி பல்லைக் காட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் கல்லை விரிக்கிறவன் திருடன், குனிந்து பார்க்கிறவன் முட்டாள் என்பது தெருவின் பேச்சு.

விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை. விற்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். வாங்குகிறவர் எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் அவர் கேட்கிற விலை. சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள்; மேலே மழையையும் மருமகனையும் பற்றிப் பேச்சு ஓடும், கீழே விரல்கள் சண்டை போடும். ஒத்துவந்தால் விற்கிறவர் வாங்குகிறவரின் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடுவார். மூடிய கை முடிந்த கை. அப்புறம் அப்பனே வந்தாலும் பேச்சில்லை. துண்டுக்கு அடியில் நடந்ததை வெளியே சொன்னவனோடு தெருவில் யாரும் தேநீர்கூடக் குடிக்க மாட்டார்கள்.

எனக்கு அண்ணன் ஒருநாளும் துண்டைத் தந்ததில்லை. கை அவர் வேலை, வாய் என் வேலை. வருகிறவரை உட்கார வைத்து, சிரிக்க வைத்து, அவர் மாமியாரைப் பற்றி அவரே மறந்துபோன கதையெல்லாம் பிடுங்கி, மனசை இளக்கி அண்ணனிடம் அனுப்புவேன். அதற்குமேல் நடப்பது துண்டுக்கும் அவருக்கும்.

அண்ணனுக்கு முதலில் மூக்கு அடைத்தது. சளி என்றோம். ஒரு மாதமாகியும் போகவில்லை. காலையில் கைக்குட்டையில் காய்ந்த பொருக்கும் ரத்தமுமாக வரும். "தூசுடா" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பதினாறு வயதிலிருந்து பதினொரு வருஷம் கல்லுக்குப் பட்டை தீட்டும் சக்கரத்தில் உட்கார்ந்தவர் அவர். இரண்டு பேரில் ஒருத்தன் சக்கரத்துக்குப் போக வேண்டும் என்று அப்பா சொன்னபோது, "அவன் வாய்க்குச் சக்கரம் வீண், நான் போறேன்" என்று எழுந்தவர். மூக்கு டாக்டரிடம் போனார். சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

அப்புறம் மூட்டு வலி. இன்றைக்கு முழங்கால், நாளைக்கு மணிக்கட்டு, வாடகை வீடு தேடுகிறவன் மாதிரி வலி இடம் மாறிக்கொண்டிருந்தது. எலும்பு டாக்டர், "ஐம்பத்திநாலு வயசாச்சே" என்று வயசுக்கு ஒரு மாத்திரை எழுதினார். அதற்கும் பிறகு ஒரு மதியம், கடையில் யாரும் இல்லாத நேரம், கால்சட்டையைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே காட்டினார். சிவப்பாகப் புள்ளிகள். கெம்புத் தூளைக் கொட்டிவிட்டுத் துடைக்க மறந்த மாதிரி. தடவிப் பார்த்தால் விரலில் தட்டுப்பட்டது. தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார்.

"அண்ணே, மூக்கு டாக்டர்கிட்ட கால் விஷயத்தைச் சொன்னீங்களா?"

"மூக்கு டாக்டர்கிட்ட எதுக்குடா காலை நீட்டணும்?"

"இல்ல, எல்லாத்தையும் ஒருத்தர்கிட்ட..."

"கடைக்கு வந்தவன் முன்னாடி எல்லாப் பொட்டலத்தையும் பிரிச்சு வைப்பியா நீ?"

"வைப்பேன்."

"அதான் உன்கிட்ட பொட்டலமே தர்றதில்ல."

இதை நான் விளக்கியாக வேண்டும். வெளி ஆளுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எங்களிடம் கற்கள் வெள்ளைக் காகிதத்தில் மடித்த பொட்டலங்களாக இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பொட்டலம்தான் மேசைமேல் திறக்கும். அதைக் கட்டி உள்ளே வைத்த பிறகே அடுத்தது. எல்லாவற்றையும் விரித்தவன் அவசரத்தில் இருக்கிறான், அவனுக்குப் பண முடை, விலையை அடித்துக் கேட்கலாம் என்று எதிரே இருப்பவர் கணக்குப் போட்டுவிடுவார். முப்பது வருஷம் அப்படியே வாழ்ந்த மனுஷர் டாக்டரையும் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவராகத்தான் பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னால் பெரிய வியாதி என்று பெரிய விலை சொல்லுவார்கள். எனவே மூக்கு டாக்டருக்கு மூக்குப் பொட்டலம், எலும்பு டாக்டருக்கு மூட்டுப் பொட்டலம், தோல் டாக்டருக்குக் கால் பொட்டலம். ஆளுக்கு ஒன்று. நான்கூட அப்போது, பரவாயில்லையே, வைத்தியத்திலும் அண்ணன் கெட்டிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ‘வெள்ளெழுத்து’ வந்தார். வயசான வியாபாரி, கண் மங்கினாலும் கல்லை நாக்கால் தொட்டே நல்லது கெட்டது சொல்லுவார் என்று பெயர். அண்ணனிடம் இருந்த ஒரு நீலக்கல்லுக்கு இரண்டு வருஷமாக அலைந்தவர். அன்றைக்கு என் வேலையை நன்றாகவே செய்தேன். அவரைச் சிரிக்க வைத்ததில் பல்செட்டு நழுவிவிட்டது. துண்டு விழுந்தது. கைகள் உள்ளே போயின. வழக்கமாகக் கால்மணி நேரம் ஆகும். அன்றைக்கு இரண்டு நிமிஷத்தில் அண்ணன் கையை மூடிவிட்டார்.

வெள்ளெழுத்து மலைத்துப்போனார். குனிந்து, அண்ணன் காதில் தொகையைச் சொன்னார். கதவு ஒரு நூல் திறந்து மூடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "சரி" என்றார் அண்ணன். கல் போயிற்று.

அவர் படியிறங்கியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். "கையைக் குடு" என்றார். துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டார். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக எனக்குத் துண்டு.

"எத்தனை விரலைப் பிடிச்சிருக்கேன்?" என்றார்.

"மூணு."

"நீ பிடி." பிடித்தேன். "எத்தனை?" என்று நான் கேட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலடா. உறை போட்ட மாதிரி இருக்கு. மோதிர விரலும் சுண்டு விரலும் செத்தே போச்சு. அந்த ஆள் மூணைப் பிடிச்சான். நாலுன்னு நெனச்சு மூடிட்டேன்."

நான் அந்த இரண்டு விரலையும் கிள்ளினேன். அவர் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார், அதே குரலில். "நாலு நாளா ஒண்ணுக்குப் போனா தேயிலைச் சாயம் மாதிரி போகுது. நுரை நுரையா."

"அண்ணே, இப்பவே கிளம்புவோம்."

"எங்க? கதவோட கை போச்சுன்னு தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன் நம்ம துண்டுக்குள்ள கையை விடுவான்? கைல இருக்கிற பெரிய பச்சைக்கல் பொட்டலம் வித்துப் போகட்டும். ஒரு மாசம். அப்புறம் போறேன். உங்க அண்ணிகிட்டயும் மூச்சு விடாதே. அவ தெரிஞ்சுக்கிட்டா நாளைக்கே ஆஸ்பத்திரில கட்டிப் போட்டுருவா."

"அதானே நல்லது?"

 துண்டுக்கு அடியில் அவர் என் விரல்களைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். வலுவே இல்லாத மூடல். ஆனாலும் மூடிய கை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்றும் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று தெரு நினைத்திருந்தது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அண்ணன் என்னை நம்பித் துண்டைப் போட்டுவிட்டார். ஜன்னலையும் சாத்த முடியும் என்று காட்டிவிட வேண்டும். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

அண்ணி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேள்வி கேட்டால் விடை வரும்வரை சாக்பீஸைக் கீழே வைக்காத ரகம். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, அண்ணன் குளித்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் என்னைப் பிடித்தார்.

"தம்பி, உங்க அண்ணன் சரியாவே சாப்பிடறதில்ல. மூஞ்சி வேற காலைல வீங்கியிருக்கு. நேத்து சட்டை பொத்தானைப் போட அஞ்சு நிமிஷம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியாதா அண்ணி?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அதுவும் சரிதான்" என்று உள்ளே போனார். என் பெயரே எனக்குச் சாட்சி சொல்லிற்று. அதைவிட நல்ல பொய்யை நான் கடையில்கூடச் சொன்னதில்லை.

பதினெட்டாம் நாள், சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அண்ணன் மேசையில் குனிந்து பச்சைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இருமினார். வெள்ளைத் துணிமேல் ரத்தம். பச்சைக் கற்களின் மேலும். அவர் இடுக்கியால் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்கப் பார்த்தார். இடுக்கி விரலில் நிற்கவில்லை. இரண்டாம் இருமலில் நாற்காலியோடு சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவின் திரைக்குப் பின்னால் ஒரு டாக்டர் வந்தார். என் வயதில் பாதி இருக்கும் பெண். அண்ணியைக் கையெழுத்துப் போட வெளியே அழைத்துப் போயிருந்தார்கள். அண்ணனுக்கு மூக்கில் ஆக்சிஜன். "என்ன செய்யுது?" என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணன் நெஞ்சை மட்டும் தொட்டுக் காட்டினார். வந்த இடத்திலும் ஒரே பொட்டலம்.

"இருமல்ல ரத்தம். வேற ஏதாவது?" அண்ணன் தலையை ஆட்டினார், இல்லை என்று.

டாக்டர் போகத் திரும்பினார். நான் அவர் வெள்ளை அங்கியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். அப்படிச் செய்யக் கூடாது என்று தெரியும்.

"மூக்குல பொருக்கு, ரத்தம், நாலு மாசமா. மூட்டு வலி, இடம் மாறிட்டே இருக்கும். கால்ல சிவப்புப் புள்ளி, தடவினா தட்டுப்படும். வலது கை ரெண்டு விரல் மரத்துப்போச்சு. ஒண்ணுக்கு தேயிலைச் சாயம் மாதிரி, நுரையோட. சின்ன வயசுல கல் சக்கரத்துல பதினொரு வருஷம்."

எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்துவிட்டேன். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அண்ணன் கால் போர்வையை விலக்கினார்.

"இது அஞ்சு வியாதி இல்ல சார். ஒரே வியாதி" என்றார்.

அன்று மாலை வராந்தாவில் நிற்கவைத்து, ஒரு காகிதத்தின் பின்புறம் மரம் மாதிரி வரைந்து எனக்கும் அண்ணிக்கும் சொன்னார். வாஸ்குலைட்டிஸ் என்று பெயர். அதில் இது சின்ன ரத்தக்குழாய்களைப் பிடிக்கிற வகை.

"பெரிய ரத்தக்குழாய்னா மெயின் ரோடு. இது சந்து பொந்து. மூக்குக்கும் தோலுக்கும் நரம்புக்கும் நுரையீரலுக்கும் கிட்னிக்கும் ரத்தம் போறது இந்தச் சந்து வழியாதான். சந்துல தீப்பிடிச்சா எந்த வீடு எரியும்னு சொல்ல முடியாது."

"தீ வைக்கிறது யாரு?" என்றேன்.

"நம்ம ஆளுங்கதான். கிருமியைப் பிடிக்க உடம்புல காவல் இருக்குல்ல, அது ஆள் தெரியாம நம்ம ரத்தக்குழாயையே அடிக்குது. ஆன்கான்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, அதுல பாதி தெரிஞ்சிரும். கிட்னில ஒரு துளி சதை எடுத்துப் பார்த்தா மீதி."

"எதனால வந்துச்சு?" என்றார் அண்ணி.

"முழுசாத் தெரியாதும்மா. சிலருக்கு ஒரு கிருமி தொடங்கி வைக்கும், சிலருக்கு ஏதாவது மருந்து. கல் தூசுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு சொல்றாங்க. அதனாலதான்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க."

நான் என் கைகளைப் பார்த்தேன். சக்கரத்தில் ஒருநாள்கூட உட்காராத கைகள்.

கிட்னி எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை ஒரு எண்ணால் சொன்னார்கள். ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டியது ஒன்பதில் இருந்தது. கணக்கு டீச்சருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் தண்ணீர் எடுக்கப் போன சமயம் நான் டாக்டரின் பின்னாலேயே போனேன்.

"டாக்டர், பதினெட்டு நாள் முன்னாடி வந்திருந்தா?"

அவர் நின்றார். "எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா."

"உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இந்த வகை சில நேரம் நாள் கணக்குல கிட்னியைத் தின்னுரும். அப்பவே மருந்து ஆரம்பிச்சிருந்தா காப்பாத்தியிருக்க நல்ல வாய்ப்பு இருந்துச்சு." என் முகத்தைப் பார்த்து, "யாருக்காவது முன்னாடியே தெரியுமா?" என்றார்.

நான் சளியைத் துடைக்கிற மாதிரி கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

வைத்தியம் பெரிய வைத்தியம். மூன்று நாள் ஊசி வழியாக ஸ்டீராய்டு, யானைக்குப் போடுகிற அளவு. ரத்தத்தை வெளியே எடுத்து, அதிலிருந்த கெட்ட நீரைப் பிரித்துவிட்டு, திரும்ப உள்ளே விடும் ஒரு இயந்திரம். புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து ஒன்று, காவலை அடக்க. கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ், ஒன்றுவிட்டு ஒரு நாள். நுரையீரலில் ரத்தம் நின்றது. புள்ளிகள் மங்கின. கிட்னி மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஸ்டீராய்டுக்கு ஒரு குணம் உண்டு என்று எங்களுக்குத் தெரியாது. நாலாம் நாள் அண்ணன் பேச ஆரம்பித்தார். கதவு என்றா சொன்னேன்? கீல் கழன்று விழுந்தது. அடுத்த கட்டில்காரரிடம் தன் முதல் காதலைச் சொன்னார். நர்ஸிடம், எங்கள் தெருவில் எவனெவன் நிறம் கூட்டச் சூடுபடுத்தின கல்லைச் சுத்தக்கல் என்று விற்கிறான் என்று பட்டியல் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்து அழுதார். முகம் நிலா மாதிரி உருண்டு, கன்னம் சிவந்து, நினைத்தது எல்லாம் அதில் எழுதி ஒட்டியிருந்தது. பார்க்க வந்த வெள்ளெழுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கண்ணு தெரியாத எனக்கே இப்ப இந்தாளைப் படிக்க முடியுது" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். அண்ணிக்கு மட்டும் அந்த நாட்கள் பிடித்திருந்தன. பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருப்பார். "இருபத்தாறு வருஷத்துப் பேச்சு, வட்டியோட வருது" என்றார்.

டாக்டரிடம் அண்ணன் பேரம் பேசினார். "மாத்திரை அறுபது மில்லிகிராம் வேணாம்மா. நாப்பதுன்னு முடிச்சுக்குவோம்."

"இது கடை இல்லீங்க."

"சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், அம்பது."

டாக்டர் சிரித்தபடி கட்டிலில் உட்கார்ந்தார். "நினைச்சபடி குறைச்சா வியாதி திரும்பும். கூட்டிக்கிட்டே போனா காவலே இல்லாம கிருமி உள்ள வரும். நடுவுல நூல் அளவுக்குத்தான் வழி. அந்த நூல்மேல நடந்துதான் படிப்படியாக் குறைப்போம். காய்ச்சல் வந்தா ஒரு மணி நேரம்கூட மறைக்கக் கூடாது. சொல்லுவீங்களா?"

"எல்லாப் பொட்டலத்தையும் பிரிச்சு வெச்சுருவேன்" என்றார் அண்ணன். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வீடு திரும்பி மூன்று வாரம், டயாலிசிஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், ஒரு மதியம் உடம்பு கதகதவென்றதும் தானே அண்ணியைக் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் நிமோனியா. காவலை அடக்கி வைத்த வீட்டுக்குள் திருடன் சாவகாசமாக வந்திருந்தான். அந்தத் தடவை எல்லாரும் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார்கள்.

மூன்றாம் நாள் காலை, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிஷம் விட்டார்கள். முகமூடி போட்ட மூச்சு. பேச்சு முடியாது. போர்வைக்கு வெளியே இருந்த என் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். என் விரல்களைத் தேடினார். தொட்டது அவருக்குத் தெரிந்திருக்காது, பார்த்துத்தான் பிடித்திருக்க வேண்டும், போர்வைக்குள் எதைப் பார்ப்பது? எப்படியோ எல்லாவற்றையும் சேர்த்து உள்ளங்கைக்குள் வைத்து மூடினார். போய்வருகிறேன் என்கிறார் என்று நினைத்தேன். "சரிண்ணே" என்றேன். அன்று மதியம் அண்ணன் போய்விட்டார்.

பதினாறு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அண்ணி அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்று பதினாறு நாளாக அந்த வீட்டில் அங்குமிங்கும் நின்றுகொண்டிருந்தேன்.

"ஆஸ்பத்திரில பேசிட்டே இருந்தாரே தம்பி, அப்ப எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னாரு" என்றார் அண்ணி, சட்டைக் காலரை நீவியபடி. "விரல் மரத்தது, வெள்ளெழுத்துகிட்ட கல்லை விட்டது, ஒண்ணுக்கு சாயம் மாதிரி போனது. பதினெட்டு நாள் மறைச்சு வெச்சேன்னு சொல்லி அழுதாரு. ஏன் எங்கிட்ட சொல்லலைன்னு கேட்டேன். ‘உன்கிட்ட என்ன, தம்பிக்குக்கூட நான் காட்டல. அவனுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே ஊருக்கே தெரிஞ்சிருக்கும், நானும் பிழைச்சிருப்பேன்’னு சொன்னாரு."

அவர் லேசாகச் சிரித்தார். "உங்க வாயைத் திட்டிட்டே இருப்பாரு. கடைசில அந்த வாயைத்தான் நம்பியிருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு, பாருங்க."

கீல் கழன்ற கதவு, அழுகையும் பேச்சுமாகத் தன்னையே கொட்டிக்கொண்டிருந்த நாட்களில், ஒரே ஒரு பொட்டலத்தை மட்டும் கட்டி உள்ளே வைத்திருந்தது. போர்வைக்குள் என் கையை மூடினது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அது விடைபெறுதல் இல்லை. வியாபாரம். இத்துடன் முடிந்தது, வெளியே பேசாதே.

மூடிய கையை மீறினவனுக்கு எங்கள் தெருவில் என்ன மரியாதை என்று சொல்லியிருக்கிறேன். நான் அலமாரியைச் சாத்தினேன். அண்ணிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எனக்குத் தெரியும் அண்ணி. அந்தச் செவ்வாய்க்கிழமையே தெரியும். துண்டைப் போட்டு எல்லாத்தையும் எங்கிட்ட சொன்னாரு."

அண்ணியின் கை காலரிலேயே நின்றது. கணக்கைத் திரும்ப முதலிலிருந்து போடுகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"சாயம் மாதிரி போகுதுன்னும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நான் சமையல்கட்டு வாசல்ல கேட்டேனே."

"கேட்டீங்க."

"எனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியாதான்னீங்க. நான் சிரிச்சேன்." குரல் உயரவில்லை. "சிரிச்சிட்டு உள்ள போயிட்டேன் தம்பி."

  அவர் மடித்த சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் அந்தத் தாழ்ப்பாளை யாரும் போட்டதில்லை. துருப்பிடித்து, இரண்டு தடவை தள்ளின பிறகுதான் விழுந்தது.

கடைக்குப் போனேன். மேசைத் துணியை யாரோ மாற்றியிருந்தார்கள். பச்சைக்கல் பொட்டலம் அப்படியே இருந்தது. பிரித்து, வடக்கு வெளிச்சத்தில் வைத்தேன். பார்க்கத் தெரியாமல், ஐந்து மணி ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.